ஏழாம் மாதத்தில் பிறக்கும் யூதப் புத்தாண்டு

யூத நாட்காட்டியில் முதல் மாதம் நிசான். ஆனால் ஆண்டு எண் மாறுவது ஏழாம் மாதமான திஷ்ரியின் முதல் நாளில். அதுதான் ரோஷ் ஹஷானா.

பலரும் கோட்டை விடுவது தொடக்க நேரத்தில். காலண்டரில் 2026 செப்டம்பர் 12, சனிக்கிழமை என்று இருக்கும். யூதர்களுக்கு நாள் பிறப்பது சூரியன் மறையும்போது. ஆகவே வெள்ளி மாலையே யூத ஆண்டு 5787 வந்துவிடும். வாழ்த்துச் சொல்வதானால் அதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

ரோஷ் ஹஷானாவின் முதல் பகல் ஞாயிறு, புதன், வெள்ளியில் வரவே வராது. புதனில் வந்தால் பத்தாம் நாளான யோம் கிப்பூர் எனும் விரத நாள் வெள்ளியில் விழும். அடுத்த நாள் சபாத், அதாவது சனிக்கிழமை ஓய்வு நாள். அடுத்தடுத்து இரண்டு நாள் அடுப்பு மூட்ட முடியாது! வெள்ளியில் வந்தாலும் இதே சிக்கல்தான், சபாத்துக்கு மறுநாள் விரதம். ஞாயிற்றை விலக்குவது 21ஆம் நாளான ஹோஷானா ரப்பா (கூடாரப் பண்டிகையின் ஏழாம் நாள்) சபாத்தில் விழாதிருக்க. அதனால் தேவைப்பட்டால் தொடக்கத்தை ஒரு நாள் தள்ளிவைப்பார்கள்.