படிக்கட்டு போடாத வீடு

பதினைந்து வருடத்துக்கும் மேலாக வேலூரில் வீட்டுக்கு பிளான் போட்டுக் கொடுத்துப் பிழைக்கிறேன். 2008 ஆகஸ்டில் ஊர் மாநகராட்சி ஆனது, அடுத்த வருடம் நான் போர்டு மாட்டினேன். அப்புறம் சத்துவாச்சாரி, காட்பாடிப் பக்கமெல்லாம் ஊரோடு சேர, எனக்கும் வேலை கூடியது. போட்ட பெரிய வீடுகள் பலவற்றின் முகப்புகூட இப்போது நினைவில் இல்லை. சைதாப்பேட்டையில் ஒன்றேகால் சென்ட்டில் போட்ட ஒரு வீடு மட்டும் மறக்கவில்லை. (சென்னைக்காரர்கள் மன்னிக்கவும், எங்கள் ஊரிலும் ஒரு சைதாப்பேட்டை உண்டு.) அந்த வீட்டில் நான் படிக்கட்டு போடவில்லை.

2017இல் அந்த அக்கா என்னிடம் வந்தார். பீடி சுற்றுகிறவர். பழைய நாட்டு ஓட்டு வீடு, மழைக்கு ஒழுகும். மகன் லாட்ஜ் ஒன்றில் ரூம் பாய். பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் சொந்த மனை வைத்திருப்பவர்கள் கட்டிக்கொள்ளப் பணம் தருகிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்போது மத்திய அரசு ஒன்றரை லட்சம், மாநில அரசு 60 ஆயிரம், மொத்தம் 2,10,000. மனை 16 அடி அகலம், 34 அடி நீளம். முன்னால் ஐந்தடி விட்டு, ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை, கழிவறை என்று 325 சதுர அடியில் அடக்கினேன். படிக்கட்டு வைத்தால் ஹாலில் மூன்றடி போய்விடும், செலவும் ஏறும். "மாடிக்கு ஏணி போட்டுக்கலாம்க்கா, வடாம் காயவைக்கத்தானே" என்று சொன்னவன் நான்தான்.

வெளியில் பலருக்குத் தெரியாத ஒரு கணக்கு இந்தத் திட்டத்தில் இருக்கிறது. பணம் முன்னால் வராது. அஸ்திவார மேடையான பேஸ்மென்ட் முடிந்தால் ஒரு தவணை, கதவு ஜன்னலுக்கு மேலே வருகிற லிண்டலுக்கு ஒன்று, கூரை போட்டால் ஒன்று, எல்லாம் முடிந்தால் கடைசி. ஒவ்வொரு கட்டத்திலும் ஆள் வந்து செல்போனில், இடம் பதிவாகிற மாதிரி போட்டோ எடுக்க வேண்டும். ஆனால் பேஸ்மென்ட் போடுவதற்கு முன்னால் குடியிருக்கிற வீட்டை இடிக்க வேண்டுமே. இடித்த அன்றைக்கு அவர் கையில் இருந்தது நகையை அடகு வைத்த பணம் மட்டும். அடுத்த தெருவில் ஒரு போர்ஷன் பிடித்தார்கள். ஊறவைத்த இலையையும் தூளையும் பார்த்ததும் அந்த வீட்டுக்காரர் முகம் சுளித்தார். புகையிலை நெடி ஆகாதாம். தினமும் ஆயிரம் பீடி சுற்றுகிறவர் இரண்டு மாதம் தெரு முனையில் இருந்த நாத்தனார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சுற்றினார். தவணை தாமதமாக, மகளிர் குழுக் கடன் வாங்கி லிண்டல் வரை ஏற்றினார்கள். மேஸ்திரியும் சும்மா இல்லை, நடுவில் வேறு வேலைக்குப் போய்விட்டார். கட்டி முடிக்க ஏறக்குறைய நாலரை லட்சம் ஆனது. பாதிக்கு மேல் கடன்.

மலிவு வீடு என்று பேச ஆரம்பித்தால் எல்லோரும் வீட்டின் விலையைத்தான் பேசுகிறார்கள். என் அனுபவத்தில் ஏழைக்கு விலையைவிட, இடித்ததற்கும் முதல் தவணைக்கும் நடுவில் வருகிற நாலைந்து மாதம்தான் கொல்கிறது. அந்த மாதங்களுக்கு ஒரு முன்பணத்தைச் சுழற்சியாகக் கொடுத்து, தவணை வந்ததும் கழித்துக்கொள்ள ஒரு மாநகராட்சியால் முடியாதா? பெரிய தொகை ஒன்றும் இல்லை. வார்டுக்குப் பத்து வீடு என்று எடுத்துக்கொண்டாலும் போதும்.

அடுத்தது காகிதம். கொசப்பேட்டைப் பக்கம் ஒரு தெருவில் வரிசையாக வீடுகளை அளந்தேன். கிட்டத்தட்ட நாற்பது வீடு. பட்டா பதினோரு பேர் பெயரில், அதில் ஏழு பேர் உயிரோடு இல்லை. தாத்தா பெயரில் கூட்டுப் பட்டா, பாகம் வாய்மொழியாகப் பிரிந்தது, நடுவில் குறுக்குச் சுவர் எழுப்பிக்கொண்டார்கள். மூன்று தலைமுறையாகக் குடியிருக்கிறார்கள், யாரும் கேள்வி கேட்டதில்லை. அவர்களில் ஒருவர் பேங்க் கடனுக்கோ அரசு உதவிக்கோ போய் நின்றதும் முதல் கேள்வி: "உங்க பேர்ல பட்டா இருக்கா?" பாகப்பிரிவினைப் பத்திரம் பதிய வேண்டும், வாரிசுச் சான்றிதழ் வேண்டும், துபாயில் இருக்கிற சித்தப்பா மகன் வந்து கையெழுத்துப் போட வேண்டும், அப்புறம் உட்பிரிவுக்கு சர்வேயர் வந்து அளக்க வேண்டும். இதற்கெல்லாம் அலைவதற்குள் கூலி வேலை செய்கிறவர் பாதி வருமானத்தை விட்டுவிடுகிறார். முடிவில் ஷீட்டைப் போட்டுக்கொண்டு அப்படியே இருந்துவிடுகிறார். மே மாத வேலூரில் ஷீட் கூரைக்குக் கீழே படுத்தவர்களைக் கேட்டால் தெரியும். எங்கள் ஊரை வெயிலூர் என்று சும்மா சொல்லவில்லை.

2016 செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது என் மேஜைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர், மாதத் தவணை கட்டி 600 சதுர அடி மனை வாங்கியவர்கள். விற்றவர் யார், லேஅவுட் யாருடையது, எதுவும் தெரியாது. கையில் பத்திரம் இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த வருடம் வரன்முறைப்படுத்த விதி வந்தது. 2016 அக்டோபர் 20க்கு முன்னால் உருவான மனைகளுக்கு வழி கிடைத்தது. கட்டணத்தைக் கட்ட முடிந்தவர்கள் கட்டினார்கள், கட்டாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்ட, ஆன்லைனிலேயே அனுமதி எடுத்துக்கொள்ளலாம். நல்ல காரியம், எங்கள் தொழிலையே கொஞ்சம் அசைத்துப் பார்த்தது. ஆனால் அதற்கும் மனையின் காகிதம் சுத்தமாக இருக்க வேண்டும். கேட்டைத் திறந்துவிட்டார்கள், கேட் வரைக்கும் வருகிற ரோட்டைத்தான் இன்னும் போடவில்லை. அதிகாரிகள் தெருவுக்கே வந்து உட்கார்ந்து, வீடு வீடாகப் பட்டாவைப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனால், அந்த ஒரு வாரத்தில் எத்தனை வீடு கூரை மாறும் என்று எனக்கு விரல் விட்டுச் சொல்லத் தெரியும்.

மணல், கம்பி, சிமென்ட் விலையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். பாலாற்றங்கரையில் இருந்துகொண்டு, கல்லை உடைத்து அரைத்த எம்-சாண்டில் வீடு கட்டுகிறோம் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

இன்னொரு பக்கமும் உண்டு. அதில் எனக்கும் பங்கு இருக்கிறது. சி.எம்.சி.க்கு வங்காளம், அசாம், ஜார்கண்ட் என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளிகள் வருகிறார்கள், வாரக்கணக்கில் தங்குகிறார்கள். தோட்டப்பாளையம் பக்கம் தெருவில் நடந்தால் வங்காள எழுத்தில் போர்டு பார்க்கலாம். அங்கே மூன்று குடித்தனம் இருந்த ஒரு வீட்டை, ஒன்பது ரூம்களாகப் பிரிக்க நான் பிளான் போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு ரூமிலும் கேஸ் அடுப்பு வைக்க ஒரு மேடை. வீட்டுக்காரர் கணக்கு எளிது. குடித்தனக்காரர் மாதம் 4,000 தந்தார், ரூமுக்கு ஒரு நாளைக்கு 300 வருகிறது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், தூரத்திலிருந்து வருகிற நோயாளிக்கும் சமைத்துச் சாப்பிட ஓர் இடம் வேண்டும். ஆனால் காலி செய்த மூன்று குடும்பமும் ஆஸ்பத்திரியையும் லாட்ஜ்களையும் நம்பிப் பிழைத்தவர்கள். ஒரு குடும்பம் அரியூர் தாண்டிப் போயிற்று. அந்த அம்மா விடியற்காலையில் பாத்திரம் தேய்க்க வர இரண்டு பஸ் மாற வேண்டும். காட்பாடிப் பக்கம் வி.ஐ.டி. மாணவர்களுக்காக இதே கதை, அங்கே கட்டில் கணக்கு.

ஊருக்கு வெளியே அடுக்குமாடி கட்டி அனுப்பிவிடலாம் என்பவர்களுக்கு நான் இந்த பஸ் கணக்கைத்தான் சொல்வேன். சத்துவாச்சாரி ஹவுசிங் போர்டில் பேஸ் 1, பேஸ் 2 தெருக்களில் ஒருமுறை நடந்து பாருங்கள். சின்னதாகக் கொடுத்த வீடுகள் பல, மேலே ஒன்று பின்னால் ஒன்று என்று வளர்ந்து நிற்கின்றன. கீழே சொந்தக்காரர், மேலே வாடகைக்கு ஒரு குடும்பம். மண்ணோடு ஒட்டிய வீடு வளரும், நாலாவது மாடியில் இருக்கிற வீட்டை எங்கே வளர்ப்பது? எங்கள் அளவு ஊரில் மலிவு வாடகை வீடு என்று ஒன்று கிடைக்கிறதென்றால், அது பெரும்பாலும் இப்படி ஒரு சின்ன வீட்டின் மாடியில்தான். அதைப் பில்டர் கட்டுவதில்லை. மகளுக்குக் கல்யாணம் முடித்த ஒரு அம்மா, சீட்டு எடுத்த பணத்தில் கட்டுகிறார். மாடிக்குத் தனி மீட்டர் கிடைத்தால், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் குடித்தனக்காரருக்கும் வரும். இல்லையென்றால் வீட்டுக்காரர் சப்-மீட்டர் போட்டு யூனிட் எட்டு ரூபாய் என்பார். விதியும் இடம் தருகிறது. 2019 கட்டட விதிகளில் மனைப்பரப்பைப் போல இரண்டு மடங்கு வரை கட்டலாம். ஆனால் உதவித்தொகை வீட்டுக்கு நாங்கள் போடுகிற பிளானெல்லாம் ஒரே தளம், ஒரே குடும்பம், முடிந்தது கதை. மேலே இன்னொரு தளம் தாங்குகிற அஸ்திவாரமும் ஒரு படிக்கட்டும் சேர்த்து மாதிரி பிளான் நாலைந்து தயாரித்து, அதற்கென்று கூடுதலாக ஐம்பதாயிரம் கொடுத்தால், ஒரு வீட்டுக்குக் கொடுத்த பணத்தில் இரண்டு வீடு வரும்.

இது எனக்குப் புரிந்தது போன வருடம். சைதாப்பேட்டை அக்கா மறுபடி வந்தார். கடனெல்லாம் அடைந்துவிட்டதாம், மேலே ஒரு போர்ஷன் எடுத்து வாடகைக்கு விட வேண்டுமாம். முன்னைப் போல பீடி சுற்ற விரல் வளையவில்லை என்றார். போய்ப் பார்த்தேன். அஸ்திவாரம் தாங்கும், மேஸ்திரி நல்லபடியாகத்தான் போட்டிருந்தார். படிக்கட்டுக்கு இருக்கிற ஒரே இடம் முன்னால் விட்ட அந்த ஐந்தடி. பத்தடி ஏற வேண்டும், ஏழு அங்குலத்துக்கு ஒரு படி என்றால் பதினேழு படி, பன்னிரண்டு அடி ஓடும். முன்சுவரில் சுண்ணக்கட்டியால் படி படியாக வரைந்துகொண்டே போனேன். ஒன்பதாவது படி வாசற்படியின் நெற்றிக்குக் கீழே, கதவின் குறுக்கே போயிற்று. வாசலை ஓரமாக மாற்றி, ஜன்னலைப் பெயர்த்து, நிலையைக் கழற்றி மறுபடி வைக்க வேண்டும்.

அக்கா சுவரில் நான் போட்ட கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "இத்த அன்னைக்கே போட்டிருந்தா இன்னா தம்பி?" என்றார்.

நான் டேப்பைச் சுருட்டி, வாசல் நிலையை மறுபடி ஒரு தரம் அளந்தேன்.