ரிப்போர்ட் எழுதுனவன் மேனேஜர் ஆனப்போ

எனக்கு 31 வயசுல ஒரு குடோன் மேனேஜர் போஸ்ட் குடுத்தாங்க. அதுக்கு முன்னாடி ஆறு வருஷம் அதே கம்பெனில ஊர் ஊரா போய் குடோன்களை செக் பண்ணி ரிப்போர்ட் எழுதுறதுதான் என் வேலை. எந்த ரேக்ல சரக்கு மாறி இருக்கு, ஒரு லோடு இறக்க எவ்ளோ நேரம் ஆகுது, பில்லுக்கும் ஸ்டாக்குக்கும் எங்க இடிக்குதுன்னு எல்லாம் எழுதி மேல அனுப்பிடுவேன், அதுக்கப்புறம் யார்கிட்ட என்ன சொல்லணுமோ அதை அவங்க பாத்துப்பாங்க. அந்த குடோன்ல 22 வருஷமா இன்சார்ஜா ஒரு அண்ணன் இருந்தாரு. நான் ரிப்போர்ட்டுக்கு போறப்பல்லாம் "வா தம்பி, டீ சாப்டியா"ன்னுதான் ஆரம்பிப்பாரு. நான் மேனேஜரா போன முதல் நாள் காலைல ஷட்டர் பக்கத்துல நின்னு "வாங்க சார்"னாரு. அன்னைக்கு அது எனக்கு பெருமையா இருந்துச்சு.

அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆண்ட்ரே வில்லாஸ் போவாஸ் ஞாபகம் வந்துடும். ஃபுட்பால் பாக்குறவங்களுக்கு அவரை தெரிஞ்சிருக்கும், 33 வயசுல போர்த்துகல்லோட போர்ட்டோ கிளப்புக்கு யூரோப்பா லீக் ஜெயிச்சு குடுத்தவரு, ஒரு ஐரோப்பிய கோப்பை ஜெயிச்ச கோச்கள்லயே ரொம்ப சின்ன வயசுக்காரரு. நிறைய பேர் அவரை லண்டன் கிளப் செல்சீல ஃபெயில் ஆன ஆளுன்னு ஒரே வரில முடிச்சிடுறாங்க, எனக்கு அதுல உடன்பாடே கிடையாது.

அவரும் ரிப்போர்ட்லதான் ஆரம்பிச்சாரு. 1977ல போர்த்துகல்ல போர்ட்டோ ஊர்லயே பொறந்தவரு, பெரிய அளவுல ஃபுட்பால் ஆடினதே கிடையாது. 1994ல பாபி ராப்சன் போர்ட்டோ கோச்சா வந்தப்போ இவங்க குடியிருந்த அதே பில்டிங்ல குடி வந்தாரு. இந்த பையனுக்கு அப்ப 16, 17 வயசு இருக்கும், டொமிங்கோஸ் பசியென்சியான்னு ஒரு ஸ்ட்ரைக்கர ஏன் டீம்ல எடுக்க மாட்டேங்குறீங்கன்னு ராப்சனோட லெட்டர் பாக்ஸ்லயே எழுதி போட்டுட்டாரு. பாட்டி இங்கிலாந்துக்காரங்க, அதனால இங்கிலீஷ் நல்லா வரும். வேற ஆளா இருந்தா அந்த லெட்டர கிழிச்சு போட்டிருப்பாங்க. ராப்சன் கூப்பிட்டு, சரி நீ சொல்றத ரிப்போர்ட்டா எழுதி காட்டுன்னு வேலை குடுத்தாரு, ஸ்காட்லாந்துல கோச்சிங் லைசென்ஸ் படிக்கிறதுக்கும் வழி பண்ணினாரு. ஒரு பெரியவர் ஒரு சின்ன பையனோட பேச்சை காது குடுத்து கேட்டதுதான் இந்த மொத்த கேரியருக்கும் விதை.

21, 22 வயசுல பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளோட நேஷனல் டீம்ல வேலை, அப்புறம் போர்ட்டோ திரும்பி ஜூனியர் பசங்களுக்கு கோச், அங்கிருந்து பெரிய கோச் மொரின்ஹோவோட ஸ்டாஃப்ல சேர்ந்து போர்ட்டோ, செல்சீ, இன்டர் மிலன்னு அவர் கூடவே போனாரு. வேலை என்னன்னா எதிர் டீம வேவு பாக்குறது. அவங்க பிராக்டிஸ் பண்ற இடத்துக்கே யாருக்கும் தெரியாம போய், எவன் சோர்ந்து இருக்கான், எவன் எந்த கால்ல திரும்புறான்னு குறிச்சிட்டு வந்து, ஒரு மேட்சுக்கு நாலு நாள் வரைக்கும் உக்காந்து ரிப்போர்ட் போடுவாரு, ப்ளேயர் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டிவிடி வேற. எங்க வேலைலயும் அப்படித்தான், ஒரு குடோனை முழுசா பாத்து எழுத மூணு நாள் ஆகும், அந்த மூணு நாள்ல அங்க 20 வருஷமா இருக்கிறவங்களுக்கே தெரியாத விஷயம்கூட கண்ணுல படும். அந்த சந்தோஷம் தனி. ஆனா அது பேப்பர்ல இருக்கிற வரைக்கும் யாரோட முகத்தையும் பாத்து சொல்ல வேண்டியதில்ல.

2009 அக்டோபர்ல போர்த்துகல் லீக்ல அகடெமிகான்னு ஒரு டீம கோச்சா எடுத்தாரு, அப்ப ஒரு மேட்ச்கூட ஜெயிக்காம கடைசி இடத்துல கிடந்த டீம், அந்த சீசன 11வது இடத்துல முடிச்சாரு. அடுத்த வருஷமே போர்ட்டோ கூப்பிட்டுச்சு. சின்ன வயசுல இருந்து கொண்டாடின கிளப், தான் கனவு கண்ட நாற்காலி இதுன்னு அவரே சொன்னாரு. அந்த 2010-11 சீசன நான் எத்தனை தடவை வீடியோவுல பாத்திருப்பேன்னு கணக்கே இல்ல. ஹல்க், ஃபால்காவோ, மவுட்டின்ஹோ எல்லாம் ஒரே டீம்ல. 30 லீக் மேட்ச்ல 27 வெற்றி, 3 டிரா, தோல்வியே இல்ல. ஜென்ம எதிரி பென்ஃபிகாவ சொந்த ஊர்ல 5-0ன்னு அடிச்சாங்க, அப்புறம் லிஸ்பன்ல பென்ஃபிகா கிரவுண்டுலயே ஜெயிச்சு லீக்க முடிச்சாங்க, அன்னைக்கு ஸ்டேடியத்துல லைட்ட அணைச்சு புல்லுக்கு தண்ணி அடிக்கிற குழாய தொறந்து விட்டாங்க, இருட்டுல நனைஞ்சுகிட்டே போர்ட்டோ பசங்க கொண்டாடினாங்க. யூரோப்பா லீக் செமி ஃபைனல்ல வில்லாரியலுக்கு எதிரா ஃபால்காவோ மட்டும் நாலு கோல். டப்ளின்ல ஃபைனல், பிராகாவ 1-0ன்னு ஜெயிச்சாங்க. அந்த பிராகா டீமோட கோச் யாரு தெரியுமா, லெட்டர் பாக்ஸ்ல எழுதி போட்டாரே, அதே டொமிங்கோஸ். எனக்கு இத படிச்சப்போ உடம்பு சிலிர்த்துச்சு.

செல்சீ 1.5 கோடி யூரோ கட்டி அவரை 2011 ஜூன்ல கூட்டிட்டு போச்சு. கிட்டத்தட்ட நாலு வருஷம் முந்தி வரைக்கும் செல்சீயோட சீனியர் ப்ளேயர்கள் லம்பார்ட், டெர்ரி, ட்ரோக்பா கைல டிவிடி குடுத்துட்டு இருந்தவரு இப்ப அவங்களுக்கு பாஸா வந்து நிக்கிறாரு. 1977 அக்டோபர்ல பொறந்தவரு இவரு, லம்பார்ட் 1978 ஜூன். எட்டு மாச வித்தியாசம்தான்! போர்ட்டோல ஜெயிச்ச மாதிரியே டிஃபென்ஸ ரொம்ப முன்னாடி ஏத்தி நிறுத்தி ஆடச் சொன்னாரு, ஆர்சனல் டீம் செல்சீ கிரவுண்டுக்கே வந்து 5-3ன்னு அடிச்சிட்டு போனாங்க. டிசம்பர்ல அனெல்காவும் அலெக்ஸும் டிரான்ஸ்பர் கேட்டதும் முதல் டீமோட பயிற்சி பண்ண வேண்டாம்னு தள்ளி வெச்சாரு. பிப்ரவரில நேப்பிள்ஸ்ல நாப்போலி டீமோட சாம்பியன்ஸ் லீக் மேட்ச், லம்பார்ட், எஸ்ஸியன், ஆஷ்லி கோல் மூணு பேரும் பெஞ்ச்ல, 3-1 தோல்வி. மார்ச் 4ஆம் தேதி வேலை போச்சு, மொத்தம் 256 நாள். அடுத்து வந்த டி மட்டேயோ அதே பழைய ஆளுங்களை இறக்கினாரு, நாப்போலி திரும்ப லண்டன் வந்தப்போ ட்ரோக்பா, டெர்ரி, லம்பார்ட் ஆளுக்கு ஒரு கோல், நாலாவது இவானோவிச், மே மாசம் மியூனிக்ல சாம்பியன்ஸ் லீக் கோப்பையே வந்துடுச்சு.

நான் அந்த குடோன்ல பண்ணினதும் கிட்டத்தட்ட இதுதான். அண்ணன் வேகமா போற சரக்கை எல்லாம் ஷட்டர் பக்கத்துலயே தரைல அடுக்கி வெச்சிருப்பாரு, நம்பர் படி ரேக்ல ஏத்த மாட்டாரு. இத நான் நாலு ரிப்போர்ட்ல தப்புன்னு எழுதியிருக்கேன். மேனேஜர் ஆன ரெண்டாவது மாசம் ஒரு சனி ஞாயிறுல மொத்தத்தையும் சார்ட் படி மாத்தினேன், அவரை ஷட்டர்ல இருந்து எடுத்து உள்ள பில் செக் பண்ற டேபிள்ல உக்கார வெச்சேன். ஏன்ணே இப்படி அடுக்குறீங்கன்னு ஒரு தடவை கேட்டிருக்கலாம், கேக்கல. தீபாவளி சீசன்ல ஒரே நேரத்துல 11 லாரி ரோட்ல நின்னுச்சு. லோடுமேன் எல்லாம் ஒரு பெட்டிக்கு உள்ள கடைசி ரேக் வரைக்கும் நடந்து போய்ட்டு வர்றாங்க, சாயங்காலம் ஆறு மணி ஆகியும் நாலு வண்டிதான் போயிருக்கு. அண்ணன் டேபிள்ல இருந்து எழுந்து வந்தாரு. என்னை ஒரு வார்த்தை கேக்கல, நானும் தடுக்கல. பசங்களை கூப்பிட்டு வேகமா போற சரக்கை ஷட்டர் பக்கம் இறக்க ஆரம்பிச்சாரு, ராத்திரி ரெண்டு மணிக்கு கடைசி வண்டி கிளம்புச்சு. வேட்டிய மடிச்சு கட்டிட்டு ஒரு பெட்டி மேல உக்காந்து மூச்சு வாங்கினாரு, அப்பவும் "சார், நாளைக்கு ஆறு வண்டி இருக்கு"ன்னுதான் சொன்னாரு. பத்து மாசத்துல என்னை வேற பிராஞ்சுக்கு மாத்திட்டாங்க.

அதனாலதான் வில்லாஸ் போவாஸோட ஐடியா தப்புன்னு யாராவது சொன்னா எனக்கு கோவம் வரும். வயசான டீம மாத்தத்தான் அவரை கூப்பிட்டாங்க, மாத்த வேண்டிய நிலைமையும் நிஜமாவே இருந்துச்சு. என் ரிப்போர்ட்லயும் பாதி விஷயம் சரிதான், அந்த குடோன்ல எக்ஸ்பைரி ஆன சரக்கு தரைல கலந்து கிடந்தது உண்மை. போர்ட்டோல அவர் சொன்னதை கேட்ட பசங்களுக்கும் அவருக்கும் ஒரே பசி இருந்துச்சு, செல்சீல இருந்தவங்க எல்லா லீக்கும் ஜெயிச்சு முடிச்சவங்க, அவங்களுக்கு முதல்ல கேள்வி கேட்டுட்டு அப்புறம்தான் சார்ட் காட்டணும்.

அதுக்கப்புறமும் அவர் சும்மா இருக்கல. இங்கிலாந்துலயே டாட்டன்ஹாம் கிளப்புல 72 பாயிண்ட், பிரீமியர் லீக்ல அதுவரைக்கும் அந்த கிளப் எடுக்காத பாயிண்ட், ஆனாலும் அஞ்சாவது இடம்தான், அடுத்த சீசன் ஸ்டார் ப்ளேயர் பேல் வேற கிளப் போனதும் 2013 டிசம்பர்ல லிவர்பூல்கிட்ட 5-0ன்னு தோத்து வெளிய வந்தாரு. ரஷ்யால ஜெனிட் கிளப்போட லீக் ஜெயிச்சாரு, அப்புறம் சீனாவுல ஷாங்காய், நடுவுல டக்கார் ராலில கார் ஓட்டி முதுகுல அடி. பிரான்ஸ் லீக்ல மார்செய் கிளப்போட ரெண்டாவது இடம் வந்தாரு, அங்க தான் வேணாம்னு சொன்ன ப்ளேயர கிளப் எடுத்துடுச்சுன்னு 2021ல ராஜினாமா குடுத்தாரு. 2024 ஏப்ரல்ல போர்ட்டோ கிளப்போட பிரசிடெண்ட் எலெக்‌ஷன்ல நின்னு, 1982ல இருந்து அந்த நாற்காலில இருந்த பின்டோ டா கோஸ்டாவையே ஜெயிச்சாரு, கிட்டத்தட்ட 80 சதவீத ஓட்டு. இப்ப கோச்சுங்களை வேலைய விட்டு அனுப்புறதும் அவருதான், ஒன்றரை வருஷத்துக்குள்ள ரெண்டு பேரை அனுப்பிட்டு 2025ல 36 வயசு ஃபரியோலிகிட்ட டீம குடுத்திருக்காரு. அந்த பையன்கிட்ட முதல் நாள் ரூம்ல உக்கார வெச்சு என்ன சொல்லியிருப்பாருன்னு எனக்கு தெரிஞ்சுக்கணும்னு ரொம்ப ஆசை.

எங்க அண்ணன் போன வருஷம் ரிட்டயர் ஆயிட்டாரு. பொங்கலுக்கு நான்தான் போன் பண்ணினேன், "அண்ணே, இனிமே தம்பின்னு கூப்பிடுங்க"ன்னு சொன்னேன். சிரிச்சாரு. "சரிங்க சார்"னாரு.