பெட்டியைப் பெட்டிதான் பிடிக்க வேண்டும்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் செல்லும் மலை ரயிலில் இதுவரை நான்கு முறை பயணம் செய்திருக்கிறேன். நான்கு முறையும் பள்ளத்தாக்கைவிடப் பெட்டியின் முன்புறத்தில் நிற்கும் பிரேக்ஸ்மேனைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கல்லாறு நிலையத்தைத் தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் வெட்டிய இரட்டைச் சட்டம் தொடங்குகிறது. ஏறத்தாழ 12 அடி முன்னே சென்றால் ஓர் அடி உயர வேண்டிய கடும் ஏற்றம் அது. இன்ஜின் எப்போதும் இறக்கத்தின் பக்கமே இருக்கும். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். அப்படியிருந்தும் ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் ஆள் நின்றுகொண்டு, கொடியைக் காட்டியபடியும் இன்ஜினின் ஊதல் ஒலிக்குக் காது கொடுத்தபடியும், தன் முன்னே உள்ள பிரேக் சக்கரத்தைக் கையால் இறுக்கவும் தளர்த்தவும் செய்கிறார்.

கடைசிப் பயணத்தில் ஹில்குரோவ் நிலையத்தில் இன்ஜின் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது, இன்ஜினிலேயே பிரேக் இருக்கும்போது இது எதற்கு என்று அவரிடம் கேட்டேன். "இன்ஜின் பிரேக் இன்ஜினுக்கு, தம்பி. பெட்டியப் பெட்டிதான் பிடிக்கணும்" என்றார். அந்த ஒரு வாக்கியம் எவ்வளவு பெரிய உண்மை என்பதை, ரயில்வே பிரேக்குகளைப் பற்றி அதன்பின் தேடித்தேடிப் படித்தபோதுதான் முழுதாக உணர்ந்தேன்.

கைப்பிரேக்கின் அமைப்பைப் புரிந்துகொள்ளப் பொறியியல் படிப்பு தேவையில்லை. சரக்குப் பெட்டியின் ஓரத்தில் ஒரு சுழற்சக்கரம் இருக்கிறது. அதைச் சுழற்றினால் ஒரு சங்கிலியோ திருகோ இறுகி, பெட்டியின் அடியில் ஓடும் இரும்புத் தண்டு ஒன்றை இழுக்கிறது. அந்தத் தண்டு ஒரு நெம்புகோலை அசைக்க, அது அடுத்த நெம்புகோலை அசைக்க, முடிவில் சக்கரத்தின் ஓடுபரப்பை ஒட்டித் தொங்கும் பிரேக் கட்டைகள் சக்கரத்தின் மேல் அழுந்துகின்றன. ஒவ்வொரு நெம்புகோலும் விசையைச் சில மடங்கு பெருக்குவதால், ஒரு மனிதக் கை கொடுக்கும் சில பத்துக் கிலோ விசை, கட்டையில் சில டன்களாக மாறுகிறது. சுழற்றியதைப் பின்னோக்கி நழுவவிடாமல் பிடித்துக்கொள்ளப் பற்சக்கரமும் அதன் பல்லில் விழும் ஒரு கொக்கியும் உண்டு. ஒருமுறை இறுக்கிவிட்டால், யாராவது வந்து தளர்த்தும் வரை அது அப்படியே நிற்கும். அதற்கு நீராவியும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம், காற்றும் வேண்டாம்.

பலரும் அறியாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். காற்று பிரேக்குக்கும் கைப்பிரேக்குக்கும் பெரும்பாலான சரக்குப் பெட்டிகளில் கடைசிப் பகுதி ஒன்றேதான். அதே தண்டுகள், அதே நெம்புகோல்கள், அதே கட்டைகள். ஒன்றில் இழுப்பது காற்று உருளைக்குள் இருக்கும் பிஸ்டன். மற்றொன்றில் இழுப்பது கை. ஆகவே கட்டை தேய்ந்திருந்தாலோ, மூட்டுகள் துருப்பிடித்திருந்தாலோ, சங்கிலி தொய்ந்திருந்தாலோ, சுழற்சக்கரம் நன்றாக இறுகியதுபோல் கைக்குத் தோன்றும். ஆனால் கட்டையில் அந்த விசை போய்ச் சேர்ந்திருக்காது. வெளியிலிருந்து பார்த்து ஒரு கைப்பிரேக் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று சொல்ல முடியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் இதுவே 47 உயிர்களின் கணக்காக வரப்போகிறது.

உராய்வைப் பற்றியும் ஒரு சொல். 1878-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரைட்டன் ரயில்பாதையில் கேப்டன் டக்ளஸ் கால்ட்டன், காற்று பிரேக்கைக் கண்டுபிடித்த ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸுடன் சேர்ந்து பிரேக்குகளை அளந்து பார்த்தார். வேகம் கூடக்கூட வார்ப்பிரும்புக் கட்டைக்கும் சக்கரத்துக்கும் இடையிலான உராய்வு குறைகிறது என்பதும், சக்கரம் உருளாமல் பூட்டிக்கொண்டு சறுக்கினால் நிறுத்தும் திறன் பெருமளவு போய்விடுகிறது என்பதும் அந்தச் சோதனைகளில் தெளிவாயின. மெல்ல நகரும் பெட்டியை ஒரு கட்டை எளிதாகப் பிடித்துவிடும். ஓட விட்டுவிட்டால் அதே கட்டை பாதி வலுவைக்கூடக் காட்டாமல் போகலாம். நின்ற ரயில் நகரத் தொடங்கும் அந்த முதல் சில விநாடிகளின் முக்கியத்துவம் இதிலிருந்து விளங்கும்.

ரயில்வேயின் தொடக்க காலத்தில் கைப்பிரேக் ஒன்றுதான் இருந்தது. அமெரிக்காவில் பிரேக்மேன்கள் ஓடும் சரக்கு ரயிலின் கூரைமேல் பெட்டி விட்டுப் பெட்டி தாவிச் சென்று சக்கரங்களைச் சுழற்றினார்கள். மழையிலும் பனியிலும் வழுக்கும் கூரையிலிருந்து விழுந்து இறந்தவர்களும் ஊனமுற்றவர்களும் மிகப் பலர். 1869-இல் வெஸ்டிங்ஹவுஸ் தம் முதல் காற்று பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். இன்ஜினிலிருந்து அழுத்தக் காற்றைக் குழாய் வழியே அனுப்பிப் பிரேக் போடும் முறை அது. குழாய் அறுந்தால் பிரேக்கும் போய்விடும் என்பது அதன் குறை. 1872-இல் அவர் அதைத் தலைகீழாக மாற்றினார். குழாயில் அழுத்தம் இருக்கும் வரை பிரேக் விடுபட்டிருக்கும். அழுத்தம் விழுந்தால் ஒவ்வொரு பெட்டியும் தன்னிடம் சேமித்து வைத்த காற்றால் தானே பிரேக் போட்டுக்கொள்ளும். இன்று இந்திய ரயில்களின் பிரேக் குழாயில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ என்ற அளவில் நிற்கும் அழுத்தமும் இதே கொள்கையில்தான் வேலை செய்கிறது.

அந்த மாற்றத்தை ஏற்காத ரயில் ஒன்றுக்கு அயர்லாந்தின் அர்மா நகருக்கு அருகே நேர்ந்ததை என்னால் எளிதில் கடந்துபோக முடிவதில்லை. 1889 ஜூன் 12 அன்று, ஞாயிறு பள்ளிக் குழந்தைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்ற சுற்றுலா ரயில் ஏற்றத்தில் ஏற முடியாமல் நின்றது. ரயிலை இரண்டாகப் பிரித்து, முன்பகுதியை மட்டும் முதலில் மேலே கொண்டுபோக முடிவெடுத்தார்கள். அதிலிருந்த வெற்றிட பிரேக், இன்ஜின் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சினால் மட்டுமே பிடிக்கும், தானாக இயங்காத பழைய வகை. இன்ஜினிலிருந்து கழன்ற மறு கணமே பின்னால் நின்ற 10 பெட்டிகளுக்கும் அந்தப் பிரேக் இல்லாமல் போனது. அவற்றைப் பிடித்து நிறுத்தக் கடைசியில் இருந்த கார்டு பெட்டியின் கைப்பிரேக்கும், சக்கரங்களுக்கு அடியில் வைத்த கற்களுமே இருந்தன. முன்பகுதி கிளம்பும்போது சற்றே பின்வாங்கி இடித்ததில் கற்கள் நொறுங்கின.

ஊர்த் தேரை இழுக்கும்போது முட்டுக்கட்டை போடுபவர்களைப் பார்த்திருப்போம். சக்கரத்தின் வளைவுக்குப் பொருந்தச் செதுக்கிய புளியமரக் கட்டையை வைத்துக்கொண்டு, சக்கரத்தோடு கூடவே நகர்ந்து, விலகாமல் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். வழியில் கிடைத்த கல் அந்த வேலையைச் செய்யாது. உருளத் தொடங்கிய அந்த 10 பெட்டிகளும் இறக்கத்தில் வேகம் பிடித்து, பின்னால் வந்த ரயிலில் மோதின. சுமார் 80 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். தானாக இயங்கும் பிரேக்கைப் பயணிகள் ரயில்களுக்குக் கட்டாயமாக்கும் சட்டத்தை பிரிட்டன் அதே ஆண்டில் நிறைவேற்றியது.

இதன் பிறகு கைப்பிரேக்கின் காலம் முடிந்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் காற்று பிரேக்குக்கு இயல்பாகவே ஓர் எல்லை உண்டு. ஓடும் ரயிலை நிறுத்த அதைவிடச் சிறந்தது இல்லை. நின்ற ரயிலை இரவு முழுவதும் நிறுத்தி வைக்க அதை நம்பக் கூடாது. உருளையின் உறைகளிலும் குழாய் இணைப்புகளிலும் காற்று மெல்ல மெல்லக் கசியும். கசிந்தது போக எஞ்சிய அழுத்தம், சரிவு இழுக்கும் விசைக்குக் கீழே இறங்கும் கணத்தில் ரயில் நகரும். குளிரில் ரப்பர் உறைகள் விறைத்துக் கசிவு இன்னும் விரைவாகும். 2019 பிப்ரவரியில் கனடாவின் ஃபீல்ட் அருகே தானிய ரயில் ஒன்று செங்குத்தான மலைச்சரிவில், கடும் உறைபனிக் குளிரில், அவசர பிரேக்கின் பிடியில் மட்டும் மணிக்கணக்கில் நின்றிருந்தது, கைப்பிரேக்குகள் போடப்படவில்லை. அது தானாக நகர்ந்து ஓடித் தடம்புரண்டதில் அதிலிருந்த மூன்று ஊழியர்களும் இறந்தார்கள்.

நம் நாட்டிலும் 2024 பிப்ரவரி 25 அன்று, ஜம்மு-காஷ்மீரின் கதுவாவில் நிறுத்தப்பட்டிருந்த 53 பெட்டிகள் கொண்ட ஜல்லி ரயில் ஒன்று, லோகோ பைலட் இல்லாமலேயே 70 கிலோமீட்டருக்கும் மேல் பஞ்சாபுக்குள் ஓடியது. வழியில் கடவுப்பாதைகளை அடைத்துப் பாதையைக் காலி செய்து கொடுத்தார்கள். கடைசியில் அதை நிறுத்த உதவியவை தண்டவாளத்தில் வைத்த மரக்கட்டைகளும் மணலும். ஒருவருக்கும் காயமில்லை. அதை நிம்மதியோடு மட்டும் நினைத்துக் கடந்துவிட என்னால் முடியவில்லை.

எல்லாவற்றிலும் நான் அதிகம் படித்தது கனடாவின் கியூபெக் மாகாணத்தில் உள்ள லாக்-மெகாந்திக் விபத்தைப் பற்றித்தான். 2013 ஜூலை 5 இரவு, கச்சா எண்ணெய் ஏற்றிய 72 தொட்டிப் பெட்டிகளைக் கொண்ட ரயில், அந்த ஊரிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர் மேலே, நான்ட் என்ற இடத்தில் பிரதான பாதையிலேயே நிறுத்தப்பட்டது. பாதை அங்கிருந்து ஊரை நோக்கி ஏறத்தாழ 100-க்கு ஒன்று என்ற அளவில் இறங்குகிறது. கேட்பதற்கு மிதமான சரிவுதான்; மலை ரயிலின் ஏற்றத்தில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் 9,000 டன் எடையுள்ள ஒரு ரயில் அத்தகைய சரிவில் நிற்கும்போது, அதைக் கீழே இழுக்கும் விசை 90 டன் எடைக்குச் சமம்.

அந்த ரயிலில் ஊழியர் ஒருவர்தான். அவர் ஏழு கைப்பிரேக்குகளை இறுக்கினார். அந்த ஏழும் ரயிலின் முன்முனையிலேயே இருந்தன: ஐந்து இன்ஜின்கள், அவற்றோடு சேர்ந்த கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று, அதற்கடுத்த சரக்குப் பெட்டி ஒன்று. எண்ணெய் நிறைந்த 72 பெட்டிகளில் ஒன்றில்கூடக் கைப்பிரேக் போடப்படவில்லை. பெட்டியைப் பெட்டிதான் பிடிக்க வேண்டும் என்று ஹில்குரோவில் கேட்ட சொல், இந்த விவரத்தைப் படித்த இடத்தில் எனக்கு மீண்டும் கேட்டது. அந்த ரயிலுக்கு அதிகபட்சமாகத் தேவைப்பட்டிருக்கக்கூடிய 26 பெட்டிகளுக்கு இரவில் பிரேக் போடுவதென்றால், ஒவ்வொன்றும் சுமார் 18 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டாலும், அரை கிலோமீட்டர் தூரம் ஜல்லிக்கல்லின் மேல் போய்த் திரும்பி நடக்க வேண்டும். 26 முறை ஏறி இறங்க வேண்டும். காலையில் வருபவர் அவற்றை ஒன்றுவிடாமல் தளர்த்தவும் வேண்டும். மறந்த ஒன்று, பிரேக் பைண்டிங் என்று ரயில்வேக்காரர்கள் சொல்லும் நிலையில் சக்கரத்தைச் சூடேற்றித் தேய்த்துத் தட்டையாக்கிவிடும். களைத்த ஒருவரின் கை குறைவாகவே செய்ய விரும்பும் என்பதை நான் புரிந்துகொள்கிறேன். அதற்காகத்தான் ஒருவரை மட்டும் அங்கே விட்டிருக்கக் கூடாது என்றும் நினைக்கிறேன்.

அவர் கிளம்பிச் சென்ற பின் முதல் இன்ஜினில் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் தீயை அணைக்க இன்ஜினையும் நிறுத்தினார்கள். இன்ஜின் நின்றதும் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸரும் நின்றது. அதுவரை ரயிலை உண்மையில் பிடித்து வைத்திருந்தது இன்ஜின்களின் காற்று பிரேக். அது மெல்லக் கசிந்தது. குழாயின் அழுத்தமும் மிக மெதுவாகக் குறைந்ததால், வெஸ்டிங்ஹவுஸின் முறைப்படி பெட்டிகள் தாமாகப் பிரேக் போட்டுக்கொள்ளும் ஏற்பாடும் விழித்துக்கொள்ளவில்லை. திடீரென்று விழும் அழுத்தத்துக்குத்தான் அது எதிர்வினை காட்டும். நள்ளிரவு 1 மணிக்குச் சற்று முன் ரயில் நகர்ந்தது. ஊரின் நடுவே வளைவை எட்டியபோது அதன் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. 63 தொட்டிப் பெட்டிகள் தடம்புரண்டன. சுமார் 60 லட்சம் லிட்டர் எண்ணெய் கொட்டித் தீப்பற்றியது. 47 பேர் இறந்தார்கள்.

அந்த ரயிலைக் கைப்பிரேக்குகளால் மட்டும் நிறுத்தி வைக்கக் குறைந்தது 17, ஒருவேளை 26 வரை தேவைப்பட்டிருக்கும் என்று கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கணக்கிட்டது. ஒரே எண்ணைச் சொல்லாமல் இவ்வளவு அகலமான வரம்பைச் சொன்னதைக் கவனியுங்கள். ஒருவர் எவ்வளவு இறுக்குவார், ஒவ்வொரு பெட்டியின் மூட்டுகளும் சங்கிலியும் எந்த நிலையில் இருக்கும் என்பதைப் பொறுத்து, ஒரே வகைக் கைப்பிரேக்கின் பிடி பெட்டிக்குப் பெட்டி மாறுகிறது. ஆகையால் அட்டவணை பார்த்து எண்ணிப் போட்டால் மட்டும் போதாது. போட்ட பிறகு, காற்று பிரேக்கை முழுவதும் விடுவித்து, ரயில் கைப்பிரேக்கின் பிடியில் மட்டுமே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்ஜினால் சற்றே இழுத்தும் தள்ளியும் பார்க்க வேண்டும். நின்றால் சரி, அசைந்தால் இன்னும் சில பெட்டிகளுக்குப் போட்டுவிட்டு மறுபடி பார்க்க வேண்டும்.

நான்டில் அந்தச் சோதனை நடந்தது. ஆனால் இன்ஜின்களின் காற்று பிரேக்கை விடுவிக்காமலேயே நடந்தது. ரயில் அசையவில்லை, ஏழு கைப்பிரேக்குகளே போதும் என்று தோன்றிவிட்டது. காற்று பிரேக்கின் அந்த ஒரு கைப்பிடியை ஒரு நிமிடம் விடுவித்துப் பார்த்திருந்தால், அவர் இன்ஜினுக்குள் இருக்கும்போதே ரயில் ஓர் அடி நகர்ந்திருக்கும். உடனே காற்று பிரேக்கைப் போட்டு நிறுத்திவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு, இன்னும் பத்துப் பெட்டிகளாவது தேடிப் பின்னோக்கி நடந்திருப்பார்.