எஸ்ஜிஓடி 96

"ஏனுங் அம்மணி, இது குடிக்கறவங்களுக்கு ஏறுறதுதானுங்ளே?" என்று அந்த அக்கா கேட்டார். பக்கத்தில் அவர் வீட்டுக்காரர், மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குபவர், தலை குனிந்து நின்றார். ரிப்போர்ட்டில், ஈரல் சோதனையில் பார்க்கும் இரண்டு நொதிகள்: எஸ்ஜிஓடி 96, எஸ்ஜிபிடி 44.

டாக்டரிடம் காட்டச் சொல்லி நிறுத்தியிருக்கலாம். லேப்பில் இருப்பவர்கள் விளக்கம் சொல்லக் கூடாது. ஆனால் நான் சொன்னேன்: "ஈரல்ல மட்டும் இல்லீங்கக்கா, தசையிலயும் இருக்குது. பாரம் தூக்குனாலும் ஏறும்."

"பார்த்தியா?" என்று அவர் நிமிர்ந்தார். அந்த அக்கா என்னைத்தான் பார்த்தார், அவரை அல்ல.

சொன்னதில் பொய் இல்லை. அமினோ தொகுதியை ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் சேர்க்கும் நொதிகள் இவை. எஸ்ஜிஓடி அஸ்பார்டேட்டிலிருந்து எடுக்கும், எஸ்ஜிபிடி அலனினிலிருந்து. இரண்டுக்கும் வைட்டமின் பி6 துணை வேண்டும். செல் சேதமானால் ரத்தத்தில் கசியும். எந்த உறுப்பின் செல் என்று அந்த எண் சொல்லாது. 1954-ல் லடூ, ரோப்லெவ்ஸ்கி, கார்மென் மூவரும் எஸ்ஜிஓடி ஏறுவதாக எழுதியதே மாரடைப்பு நோயாளிகளைப் பற்றித்தான். சிவப்பணுவிலும் இது உண்டு என்பதால், ரத்தம் உடைந்த சாம்பிளோ என்று சீரத்தைப் பார்த்தேன். தெளிவாகவே இருந்தது. மறுபடி ஓட்டியும் அதே அளவுதான்.

ஆனால் எஸ்ஜிபிடியைவிட எஸ்ஜிஓடி இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. குடியால் கெட்ட ஈரலும் இப்படித்தான் காட்டும். அதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த அக்காவுக்கு அது தீர்ப்பாகிவிடும் என்று அப்போது தோன்றியது. சொல்லாததும் அவருக்கு ஒரு தீர்ப்புதானே என்று இப்போது தோன்றுகிறது.

ஜிஜிடி என்ற ஈரல் நொதியும் சிபிகே என்ற தசை நொதியும் சேர்த்துப் பார்த்திருந்தால் ஓரளவு பிரித்திருக்கலாம். தசை வேலையால் ஜிஜிடி ஏறாது; சிபிகே ஏறும். டாக்டர் சீட்டில் இரண்டும் இல்லை. துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்து, டாக்டரிடம் கேட்கச் சொன்னேன். வாங்கிக்கொண்டது அந்த அக்காதான். காட்டினார்களா, தெரியாது. திரும்ப அவர்கள் வரவில்லை.

இனி வாயைத் திறப்பதில்லை என்றுதான் இருந்தேன். அப்புறம் ஜிம்முக்குப் போகும் பையன் ஒருவன் இதே மாதிரி ரிப்போர்ட்டோடு பயந்து நின்றான். இந்த முறை இரண்டையும் சொன்னேன், தசை, குடி எல்லாம்.

"நான் குடிக்கறதில்லீங்கக்கா" என்றான், முகம் சுருங்கி. அவன் குடிக்கிறானா என்று நான் கேட்கவேயில்லை.