பைல் என் கையில்தான் இருந்தது: யாழ்ப்பாணத்திலிருந்து ஜேர்மனிக்கு

வெளிநாட்டு மாப்பிள்ளைக்குக் கலியாணம் பேசி முடித்த வீட்டில், நகைக்கும் மண்டபத்துக்கும் படம் எடுக்கிறவருக்கும் ஆளாளுக்கு ஓடுவார்கள். பெண் அங்கே போய்ச் சேருகிற வேலையை மட்டும் "அதை அவையள் பார்ப்பினம்" என்று விட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் தொடங்கியது. நான் சம்மதிக்கவில்லை. பிறப்புப் பத்திரம் என்னுடையது, சோதனை எழுதப் போவது நான், தூதரகத்தில் கேள்வி கேட்டால் வாய் திறக்க வேண்டியதும் நான். அதனால் ஒரு பைல் வாங்கி, முதல் துண்டிலிருந்து கடைசித் துண்டு வரை நானே சேர்த்தேன். இப்போது ஊரில் காத்திருக்கிற தங்கச்சிமார் அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன்.

எங்களுக்கு எழுத்து, அதாவது கலியாணப் பதிவு, நடந்தது 2023இல். இவர் சின்ன வயதில் தாய் தகப்பனோடு ஜேர்மனிக்குப் போனவர், அந்த நாட்டுக் குடியுரிமை உள்ளவர், டோர்ட்முண்டில் வேலை. இந்தக் குடியுரிமை விஷயத்தைக் கலியாணம் பேசும்போதே தெளிவாகக் கேளுங்கள். மாப்பிள்ளை ஜேர்மன் குடிமகன் என்றால் மனைவியின் விசாவுக்குக் கட்டணமே இல்லை. பொதுவாகச் சம்பளக் கணக்கையும் இறுக்கிக் கேட்க மாட்டார்கள். வதிவிட அனுமதி மட்டும் உள்ளவர் என்றால் 75 யூரோ கட்ட வேண்டும். வருமானமும், இரண்டு பேர் இருக்கத்தக்க வீடும் காட்ட வேண்டும். படித்துப் போய் நீல அட்டை (உயர்கல்வி கற்றவர்களுக்கான வேலை வதிவிட அனுமதி) எடுத்தவர் என்றால் மனைவிக்கு மொழிச் சோதனையே தேவையில்லை. ஊரில் இந்த மூன்று பேரையும் "ஜேர்மனி மாப்பிள்ளை" என்றுதான் சொல்வோம். தூதரகத்துக்கு மூன்றும் மூன்று பாதை. யாரோ ஒரு அக்காவுக்கு நடந்ததைக் கேட்டுவிட்டு உங்களுக்கும் அதே மாதிரித்தான் என்று நினைக்க வேண்டாம்.

பத்திர வேலையில் எனக்கு அலைச்சல் தந்தது பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் அம்மா என்னை வயிற்றில் சுமந்துகொண்டு செம்மணி தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தவ. நான் பிறந்தது அடுத்த வருடம் சாவகச்சேரிப் பக்கம். அதனால் எங்கள் வீடு கொக்குவிலில் இருந்தாலும் என் பிறப்புப் பதிவு தென்மராட்சிப் பிரதேச செயலகத்தில். பிறந்த இடத்திலேதான் பதிவு இருக்கும் என்பதை மனதில் வையுங்கள். எங்கள் வயதுக்காரரில் பலர் இடம்பெயர்ந்த இடத்திலே பிறந்தவர்கள். சிலருக்குப் பதிவே இல்லாமல் உத்தேச வயதுச் சான்றிதழோடு வளர்ந்திருப்பார்கள். அப்படியென்றால் முதல் வேலையாக அதைப் பாருங்கள். மற்றதெல்லாம் பிறகு.

மொழிபெயர்ப்பிலே ஒரு விஷயம் முக்கியம். எங்கள் தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுத நாலு விதம் உண்டு. பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் போகும்போது கடவுச்சீட்டின் பிரதியையும் கொண்டுபோய், அதில் உள்ளபடியே ஒவ்வொரு எழுத்தையும் எழுதச் சொல்லுங்கள். உங்கள் பெயர் மட்டுமில்லை, அப்பாவின் பெயரும்தான். ஜேர்மனியில் அப்பாவின் பெயர்தான் எனக்குக் குடும்பப் பெயர். இன்று எந்த அலுவலகத்துக்குப் போனாலும் என்னை அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அப்பா இதைக் கேட்டுச் சந்தோசப்பட்டதை நான் மறக்க மாட்டேன்.

கடவுச்சீட்டுக்கு நான் வவுனியா போனேன். 2025 செப்டம்பரில் யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே, அதாவது மாவட்டச் செயலகத்திலேயே, கடவுச்சீட்டுக்கான பிராந்தியக் காரியாலயம் திறந்துவிட்டார்கள். அது ஒரு பெரிய ஆறுதல். வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் கிளையும் கச்சேரியில் இருக்கிறது. பத்திரங்களுக்கு அத்தாட்சி எடுக்க கொழும்புக்கு ஓடத் தேவையில்லை.

இனி மொழி. இதைப் பற்றி நீளமாகத்தான் எழுதுவேன், ஏனென்றால் எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான்.

2007இலிருந்து, மனைவியாகப் போகிறவர் ஏ1 என்ற ஆரம்ப மட்டத்தில் ஜேர்மன் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பது சட்டம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு ரீச்சரிடம் பின்னேர வகுப்புக்குப் போனேன். ஜேர்மனியில் பல காலம் இருந்துவிட்டு வந்தவ. வகுப்பில் பாதிப் பேர் என்னைப் போலக் கலியாணம் முடித்துக் காத்திருந்தவர்கள். மற்றவர்கள் தாதிப் படிப்புக்குப் போகிற பிள்ளைகள். அவர்கள் வேகமாகப் படிப்பார்கள். எங்களில் சிலர் சோதனைக்குப் போதுமானதைப் பாடமாக்கினால் சரி என்று இருந்தார்கள். ரீச்சர் அதைக் கண்டிப்பா. "சோதனை ஒரு காலமை முடிஞ்சிடும் பிள்ளையள், டொக்டரிட்டப் போய் எங்க நோகுதெண்டு ஆர் சொல்லுறது?" என்பா. அந்தக் கேள்விதான் என்னைப் படிக்க வைத்தது.

தமிழ் வாய்க்கு ஜேர்மன் நினைக்கிற அளவுக்குத் தூரமில்லை. "இஹ் மொஷ்ட்ட ஐன் கிலோ டொமாட்டன் கௌஃபன்" என்றால் ஒரு கிலோ தக்காளி வாங்க விரும்புகிறேன் என்று அர்த்தம். வாங்குகிற வினை கடைசியில்தான் வருகிறது, எங்கள் வசனத்தில் வருகிற மாதிரி. ஆங்கிலத்தை நடுவில் வைத்துப் படித்தபோது குழம்பியது. தமிழிலிருந்து நேரே யோசித்தபோது இலகுவானது. "டேர், டீ, டாஸ்" மட்டும் எந்த நியாயத்துக்கும் அடங்காது. மேசை ஆண், விளக்கு பெண், சின்னப் பெட்டை அஃறிணை. நான் நீலம், சிவப்பு, பச்சை அட்டைகள் வெட்டி வீட்டுச் சாமான்களில் ஒட்டினேன். அம்மாவும் குசினியில் நின்று அவற்றை வாசிக்கத் தொடங்கினா.

எண்கள்தான் கவனம். ஜேர்மனில் 53ஐச் சொல்லும்போது மூன்று முதலில் வரும், ஐம்பது பிறகு வரும். எங்கள் காது மூன்றைக் கேட்டவுடனே கை மூன்றை எழுதிவிடும். கேட்டல் பகுதியில் விலை, ரயில் மேடை, தொலைபேசி இலக்கம் எல்லாம் இதில்தான் தவறும். அதிலும் அறிவிப்புகள் வருகிற இரண்டாம் பகுதி ஒரு தரம் மட்டுமே ஒலிக்கும். நான் ஒவ்வொரு இரவும் இவரைப் போனில் எண்கள் சொல்ல வைத்து எழுதிப் பழகினேன். புதிதாகக் கலியாணம் கட்டியவர்கள் கதைக்கிற கதையா இது என்று பக்கத்து அறையில் தங்கச்சி சிரிப்பாள். எனக்கு அந்த இரவுகள் மிகவும் பிடித்திருந்தன.

சோதனை கொழும்பு 7, கிரகரிஸ் வீதியில் உள்ள கோதே நிறுவனத்தில். இரவு பஸ் எடுத்து விடியப்புறம் வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் இறங்கி, குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் போனேன். முடிந்தால் முதல் நாளே போய்த் தங்குங்கள். நித்திரை இல்லாத காதால் கேட்டல் சோதனை செய்வது கஷ்டம். கேட்டல், வாசிப்பு, எழுத்து, பேச்சு என்று நாலு பகுதி. 100க்கு 60 எடுத்தால் சித்தியடையலாம். எழுத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், பிறகு மூன்று விஷயம் அடங்க ஏறக்குறைய 30 சொல்லில் ஒரு சின்னக் கடிதம். பேச்சு, சிலர் சேர்ந்த குழுவாக நடக்கும். பெயர், வயது, நாடு, இருக்கும் இடம், மொழிகள், வேலை, பொழுதுபோக்கு சொல்லிவிட்டு, பெயரை எழுத்துக் கூட்டச் சொல்வார்கள். எங்கள் நீளமான பெயர்களுக்கு இதில்தான் மூச்சு வாங்கும். "ஜே" அங்கே யொட், "வி" ஃபௌ, "டபிள்யூ" வே, "வை" உப்சிலொன். நான் கோயிலுக்கு நடந்து போகும்போதும் அப்பாவின் பெயரை எழுத்துக் கூட்டிக்கொண்டே போவேன்.

இந்த இடத்தில் முகவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். படிவம் நிரப்பித் தருகிறோம், நாள் எடுத்துத் தருகிறோம் என்று ஒருவர் எங்களிடம் கேட்ட தொகை அப்பாவின் பல மாதச் சம்பளம். விசாவுக்குக் கட்டணமே இல்லாத ஒரு பிள்ளையிடம் அப்படிக் கேட்பது எனக்குப் பெரிய அநியாயமாகத் தெரிந்தது. படிவத்தில் கேட்பது உங்கள் பெயர், விலாசம், கணவரின் விவரம்தான். 2025 தொடக்கத்திலிருந்து விண்ணப்பத்தை ஜேர்மன் வெளிவிவகார அமைச்சின் இணையவாசலிலேயே நிரப்பலாம். கைரேகைக்கும் மூலப்பத்திரம் காட்டவும் மட்டும் தூதரகத்துக்கு நேரே போக வேண்டும். ஆங்கிலம் ஓரளவு வாசிக்கத் தெரிந்த பிள்ளை இதைத் தானே செய்யலாம்.

தூதரகம் கொள்ளுப்பிட்டியில், அல்பிரட் ஹவுஸ் அவெனியூவில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவ முதலில் இலகுவான ஜேர்மனில் கதைத்தா: எங்கே இருக்கிறீர்கள், கணவருக்கு என்ன வேலை, என்ன சாப்பாடு சமைப்பீர்கள். பிறகு கலியாணக் கதைக்கு வந்தா. எப்போது முதலில் நேரே கண்டீர்கள் என்று கேட்டா. கலியாணத்துக்காக அவர் வந்தபோதுதான் என்றேன். பேச்சுக்கலியாணம் என்பதை மறைத்து, காதல் கதை கட்டச் சொல்லிச் சிலர் புத்தி சொல்லியிருந்தார்கள். அதைக் கேட்காதீர்கள். சாதகம் பார்த்தது, இரண்டு வீட்டாரும் கதைத்தது, பிறகு நாங்கள் இருவரும் மாதக்கணக்கில் வீடியோவில் கதைத்துச் சம்மதித்தது, எல்லாவற்றையும் நடந்தபடி சொன்னேன். சந்தேகம் வந்தால் கணவனையும் மனைவியையும் ஒரே நேரத்தில் இரண்டு நாட்டிலும் இருத்திக் கேட்கவும் அவர்களுக்கு வழி இருக்கிறது. உண்மை சொன்னால் இரண்டு பதிலும் தானாகவே ஒன்றாக இருக்கும்.

படங்களைத் தெரிந்தெடுத்துக் கொண்டு போங்கள். முழு அல்பமும் வேண்டாம். எழுத்து, பொன்னுருக்கு, தாலிகட்டு, மாமியோடு நிற்கிற படம், பிறகு சாதாரண உடுப்பில் கசூரினாக் கடற்கரையில் எடுத்தது. கனத்த சேலையில் நிற்கிற படத்தை விட இந்தக் கடற்கரைப் படத்தையே அவ கூட நேரம் பார்த்தா.

அதற்குப் பிறகு காத்திருப்பு. பைல் கொழும்பில் கிடப்பதில்லை. கணவர் இருக்கிற நகரத்தின் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போகும். அவர்கள் சம்மதம் சொன்ன பிறகுதான் தூதரகம் விசா ஒட்டும். ஆகவே கொழும்புக்குத் திரும்பத் திரும்பப் போன் எடுப்பதை விட, அங்கே கேட்கிற கடிதத்துக்குக் கணவர் உடனே பதில் போடுவதுதான் வேலையை நகர்த்தும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கண்டவர்கள் எல்லோரும் "விசா வந்திட்டுதோ பிள்ளை?" என்றுதான் கேட்டார்கள். அன்பில் கேட்பதுதான். ஆனால் கேட்கக் கேட்க நெஞ்சு கனக்கும். நான் பாலர் பாடசாலை வேலையை விடவில்லை, வகுப்பையும் விடவில்லை, அடுத்த மட்டமான ஏ2 தொடங்கினேன். காத்திருக்கிற காலத்தில் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கச் சொன்னால் தயவுசெய்து சம்மதிக்க வேண்டாம்.

புறப்படுவதற்கு முன் எல்லாப் பெண்களும் அறிய வேண்டிய ஒரு சட்டம் இருக்கிறது. அதை எங்களுக்கு யாருமே சொல்வதில்லை. மனைவியாகப் பெறுகிற வதிவிட அனுமதி முதலில் அந்தக் கலியாணத்தோடு சேர்ந்தது. ஜேர்மனியில் மூன்று வருடம் சேர்ந்து வாழ்ந்த பிறகு, பிரிவு வந்தாலும் அனுமதி உங்களுடையதாகவே தனித்து நிற்கும். வீட்டில் வன்முறை போன்ற கொடுமை இருந்தால் அந்த மூன்று வருடம் முடியும்வரை சகித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை என்றும் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கு 116 016 என்ற இலவச உதவி இலக்கம் இரவு பகலாக இயங்குகிறது. "உன்ர விசா என்ர கையில" என்று சொல்லி ஒரு பெண்ணை அடக்கி வைக்க முடிவது அவளுக்கு இது தெரியாததால்தான். இதை நான் இவரிடமே வாசித்துக் காட்டினேன். "எங்கட அக்காவுக்கும் இத சொல்லியிருக்கலாம்" என்றார். நல்ல மனிதருக்கு இது கோபம் தராது. கடவுச்சீட்டும் மூலப்பத்திரங்களும் உங்கள் பையில் இருக்கட்டும், எல்லாவற்றின் பிரதியும் அம்மாவிடம் இருக்கட்டும்.

பெட்டி கட்டுவதைப் பற்றியும் கேட்கிறார்கள். இறைச்சியும் பால் சேர்ந்த பண்டங்களும் ஐரோப்பாவுக்குள் கொண்டு போக முடியாது. பச்சைக் கறிவேப்பிலையும் முருங்கையிலையும் சான்றிதழ் இல்லாமல் விட மாட்டார்கள். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சம்பழம், டூரியன் இந்த ஐந்துக்கு மட்டும் அந்தச் சான்றிதழ் தேவையில்லை. கருவாடு கொண்டு போகலாம். அம்மா வறுத்து இடித்த தூள் பத்திரமாக வந்து சேர்ந்தது. சேலைகளைக் குறைத்து, படிப்புச் சான்றிதழ்களின் மூலப்பிரதியை வையுங்கள். அவைதான் இங்கே சோறு போடும்.

வந்த பிறகு நடந்தவை விரைவாகவே நடந்தன. இரண்டு கிழமைக்குள் நகர அலுவலகத்தில் விலாசம் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். பிறகு வதிவிட அட்டை. அது கிடைத்தால் வேலை செய்யத் தனி அனுமதி தேவையில்லை. இவருடைய அரச மருத்துவக் காப்புறுதியில் என்னையும் மேலதிகப் பணம் இல்லாமல் சேர்த்துக்கொண்டார்கள். இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரம் ஆறு மாதம்தான் செல்லும். ஊரில் ஸ்கூட்டி ஓடித் திரிந்தவர்கள் இங்கே எழுத்துச் சோதனையும் ஓட்டச் சோதனையும் திரும்பச் செய்ய வேண்டும்.

இப்போது ஒருங்கிணைப்பு வகுப்பில் இருக்கிறேன். 600 பாடவேளை மொழி, 100 பாடவேளை நாட்டின் சட்டமும் வரலாறும். கடைசியில் பி1 சோதனை. அது முடிந்தவுடன் இங்குள்ள பாலர் பராமரிப்பு நிலையத்தில் வேலை பழக விண்ணப்பிக்கப் போகிறேன். கொக்குவில் பிள்ளைகளோடு இருந்த வருடங்களுக்கான கடிதத்தைப் பொறுப்பாசிரியர் எழுதித் தந்திருக்கிறா. அதையும் மொழிபெயர்த்து அதே பைலில் வைத்திருக்கிறேன்.