ஐந்து காலுடன் ஒரு காங்கேயம் காளை

கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போகிற காளையை வைத்து ஏஐயில் ஒரு சின்ன வீடியோ செய்து தரச் சொன்னார் மாமா. அரை மணி நேர வேலை என்று உட்கார்ந்தேன். ராத்திரி பதினொன்றரை ஆகிவிட்டது.

முதலில் வந்தது திமிலே இல்லாத சீமை மாடு. காங்கேயம் என்று பெயரைச் சொன்னால் மட்டும் போதவில்லை. சாம்பல் உடம்பு, கருத்த திமில், கருத்த கழுத்து என்று ஆங்கிலத்தில் விவரித்ததும் திமில் முளைத்தது. கூடவே ஐந்தாவது காலும். எட்டிப் பார்த்த அப்புச்சி, "ஏங் கண்ணு, இது வெலை கூடப் போகுமா?" என்கிறார்.

அப்புறம்தான் வழி பிடிபட்டது. கட்டுத்தரையில் எடுத்த போட்டோவையே முதல் ஃபிரேமாகக் கொடுத்தேன். நடந்து, திரும்பி, தலையாட்டு என்று ஒன்றாகக் கேட்டால் கால்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைகின்றன. அதனால் கிளிப்புக்கு ஒரே அசைவு, ஐந்து விநாடி. அதன் கடைசி ஃபிரேம்தான் அடுத்ததற்கு முதல் படம். இப்படியே கோத்துக்கொண்டு போனால் நாலாவது கிளிப்பில் நிறம் வெளுக்கிறது. மறுபடி அசல் போட்டோவுக்கே வந்துவிட வேண்டும். சோதனையெல்லாம் குறைந்த ரெசல்யூஷனில் பார்த்திருந்தால் வீடியோ ஒவ்வொன்றுக்கும் ஏஐ கழித்துக்கொள்கிற கிரெடிட்டில் பாதி மிஞ்சியிருக்கும்.

பேனரில் 'விற்பனைக்கு' என்று கேட்டேன், ஜிலேபி பிழிந்து கொடுத்தது. தமிழ் எழுத்தை எடிட்டிங் ஆப்பில் நானே போட்டேன்.

மாமா பார்த்துவிட்டார். "நல்லாத்தான் இருக்குது மாப்ளே, நடுவுல மூக்கணாங்கயிறு எங்கே போச்சு?"