கலக்கினால் இறங்கும் மணல்: சாந்தன் கம் கரைசலில் செய்து பார்த்தது

தண்ணீரில் மணலைப் போட்டுக் கலக்கினால் மேலே எழும்பும், கையை எடுத்தால் அடியில் படியும். சாந்தன் கம் (உணவைக் கெட்டியாக்கச் சேர்க்கும் ஒரு பசைத் தூள்) கலந்த தண்ணீரில் இது அப்படியே தலைகீழ். சும்மா விட்டால் மணல் நிற்கிறது, சுற்றிவிட்டால் இறங்குகிறது! படித்திருந்தாலும் கண்ணால் பார்க்கும்போது வரும் சந்தோஷமே வேறு.

மணல் நம்ம கடலூர் சில்வர் பீச்சுடையது. நன்றாக அலசிக் காயவைத்து, சலித்து, ஏறக்குறைய 0.3 மி.மீ. மணிகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். கேக் சாமான் விற்கும் கடையில் வாங்கிய சாந்தன் கம் லிட்டருக்கு 5 கிராம், மணல் 50 கிராம். தூளை அப்படியே தண்ணீரில் கொட்டினால் கட்டி தட்டிவிடும், முதலில் கொஞ்சம் கிளிசரினில் குழைத்துக்கொள்வது நல்லது.

கலந்து வைத்த ஜாடியில் மறுநாள் காலையிலும் மணல் அந்தரத்தில் நின்றது, சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்கள்கூட மேலே போகாமல் கூடவே நின்றன. அப்புறம் ஜாடிக்கு நடுவில் ஒரு பிவிசி குழாயை இறக்கி, பழைய மைக்ரோவேவில் தட்டைச் சுற்றும் மோட்டாரால் மெதுவாகச் சுற்றவிட்டேன். நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்றுதான், ஆனால் ஒரு காபி குடித்துவிட்டு வருவதற்குள் மேலே ஒரு விரற்கடை அளவுக்கு மணலே இல்லாத பட்டை வந்துவிட்டது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கறுப்பு மணிகள் முந்திக்கொண்டு இறங்குகின்றன. அவை இல்மனைட் போன்ற கனமான தாதுக்கள், வெள்ளை மணலின் அடர்த்தி க.செ.மீ.க்கு 2.65 கிராம் என்றால் இல்மனைட் 4.7 பக்கம்.

காரணம் இதுதான். சாந்தனின் மூலக்கூறுகள் விறைப்பான நீளக் கம்பிகள், அசையாமல் இருக்கும்போது ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு ஒரு மெல்லிய வலை மாதிரி ஆகிவிடும், ஒரு மணல் மணியின் எடை அந்த வலையை அறுக்கப் போதாது. குழாய் சுற்றும்போது வலை அறுந்து, கம்பிகள் ஓட்டத்தின் திசையில் படுத்துக்கொள்ள, பாகுநிலை, அதாவது ஓடவிடாமல் தடுக்கும் கெட்டித்தன்மை, மளமளவென்று குறைகிறது.

ஒப்பிட்டுப் பார்க்க, கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் கம்மையும் அதே அளவில் கரைத்தேன். ஊற்றும்போது கையில் இதுதான் அதிகக் கெட்டியாகத் தெரிந்தது, ஆனாலும் மணல் நிற்கவே இல்லை, மெதுவாக அடிக்குப் போய்விட்டது. இதன் சங்கிலிகள் வளைந்து சுருண்டவை, சிக்கிக்கொள்ளுமே தவிரப் பிடித்து நிற்காது. எண்ணெய்க் கிணறு தோண்டும்போது துளைக்குள் பம்ப் செய்யும் சேற்றுக் குழம்பில் சாந்தன் போடுவதும் இதற்காகத்தான், பம்பை நிறுத்தினாலும் பாறைத் தூள் அடியில் போய் அடைக்கக் கூடாது.

அடுத்து மணலின் அளவைக் கூட்டப்போகிறேன். இப்போது கன அளவில் 2 சதவீதம்தான் இருக்கிறது. திரவத்தில் மிதக்கும் மணிகள் அதன் பாகுநிலையை எவ்வளவு கூட்டும் என்று சொல்லும் ஐன்ஸ்டைன் சூத்திரப்படி, சாதாரண திரவமாக இருந்தால் பாகுநிலை 5 சதவீதம் மட்டுமே கூடும். 30 சதவீதம் போட்டால் அந்தக் கணக்கு எடுபடாது, மணிகளுக்கு நடுவே உள்ள சின்ன இடுக்கில் கரைசல் இன்னும் வேகமாகத் தேய்பட்டு அங்கே சீக்கிரமே இளகும். அதற்கு இந்த மோட்டார் தாங்காது, வைப்பர் மோட்டார் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.